மாங்கட்டையில் சுட்ட அதிரசம்

டாலா, தோட்டத்து வீடு
24 அக்டோபர் 2002

நீ நம்ப மாட்டே பவானி, ஆனா வாசப்படி ஏறினதும் நான் அப்படியே நின்னுட்டேன், கையில இருந்த மூட்டையைக்கூட எறக்கி வைக்கல. வருஷா வருஷம் தஜின்யு விளக்குப் பண்டிகை கழிஞ்சு, மழை விட்டதும், ரங்கூன்ல தாகேதா வீட்டுலேர்ந்து நான் ஆத்தைத் தாண்டி இங்க வர்றது எதுக்கு? உங்கப்பா மழைக்காலம் பூரா இந்த வீட்டைப் போட்டது போட்டபடி போட்டு வச்சிருப்பார். படியில பாசி, கூரையில ஓட்டை, கம்பளியில பூஞ்சை. அதையெல்லாம் வழிச்சு, துடைச்சு, குளிர்காலத்துக்கு மனுஷர் இருக்கிற இடமா ஆக்கி, தைப்பூசம் வரைக்கும் அண்ணனுக்கு வாய்க்கு ருசியா ஆக்கிப் போட்டுட்டுப் போவேன். அண்ணி போனதுக்கப்புறம் அவருக்குன்னு வேற யார் இருக்கா? கூடப்பொறந்தவ நான் ஒருத்தி.

இந்த வருஷம் வந்து பார்த்தா எனக்கு ஒரு வேலையும் இல்ல. கூரைக்குப் புது ஓலை போட்டாச்சு. தூணுக்கெல்லாம் கறுப்பெண்ணெய் பூசி, கரையான் கிட்ட வராதபடி பளபளன்னு நிக்குது. கெணறு தூர் வாரியாச்சு. கம்பளியெல்லாம் வெயில்ல போட்டு, வேப்பிலை வச்சு மடிச்சாச்சு. துறைமுகத்துல கிரேன் ஓட்டின காலத்துல வீட்டுல ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாத மனுஷன். யார் செஞ்சான்னு கேட்டேன். நான்தான்னார். அண்ணனுக்கு ஏதாவது புத்தி மாறிப்போச்சா, இல்ல யாராவது பொம்பளை கிம்பளை வந்து போறாளான்னுகூட நினைச்சேன். முருகன் என்னை மன்னிக்கணும். பக்கத்து வீட்டு வேலம்மாகிட்ட ஜாடையா விசாரிச்சேன். அப்படியெல்லாம் இல்லக்கா, ஐயா ஒத்தையிலதான் கிடந்து பாடுபட்டார்னு சொன்னா.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்னு. கெணத்தடி மாமரம் இல்ல. அடிமரம்தான் நிக்குது. போன தடவை நான் தாகேதா திரும்பினதுக்கப்புறம், பங்குனியில வெட்டியிருக்கார். கோடை பூரா காயவச்சு, அளவா பிளந்து, வீட்டுக்குத் தெக்குப் பக்கம் சின்னதா ஒரு கொட்டகை போட்டு, செங்கல் மேல அடுக்கி, தார்பாய் போட்டு மூடி வச்சிருக்கார். ஒரு சொட்டு ஈரம் இல்ல. “குளிருக்காண்ணே?”ன்னு கேட்டேன். “ஆமா, குளிருக்குத்தான்”னார். நல்லதுதான். ஆனா அதுல ஒரு சுள்ளி எடுக்க விடமாட்டேங்கிறார். சமையலுக்கு உமி அடுப்பு வாங்கி வச்சிருக்கார். உமி அடுப்புல மனுஷி சமைப்பாளா சொல்லு?

மத்தபடி இந்த மாசத்துக்கு ஈடு எது? மழை கழுவி விட்ட வானம். வயல்ல கதிர் தலை சாய்ஞ்சுகிட்டிருக்கு, கொக்கு வந்து உக்காருது. பந்தல்ல அவரை பூத்திருக்கு. காலையில ஆத்துப் பக்கத்துலேர்ந்து லேசா ஒரு சிலுசிலுப்பு வருது பாரு, அதுக்கு ஒரு டம்ளர் சுக்குக் காப்பி குடிச்சா வைகுண்டம். அண்ணன் கொஞ்சம் எளைச்சிருக்கார். கண்ணு மஞ்சளா இருந்துச்சு, சூடுதான், கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கிறேன்.

உன் பேரை நான் எடுக்கல. எடுத்தா எழுந்து போயிடுவார். நாலு வருஷமாச்சு, அந்தக் கோபம் இன்னும் எறங்கல. அலோன்ல இருந்தப்ப உன் புருஷன் ஜுல்ஃபிகர் தம்பியோட அத்தாவும் உங்கப்பாவும் ஒரே தட்டுல தின்னவங்க. சாதி, மதம் எல்லாம் இல்லடி. சொல்லாம போனியே, அதுதான்.

உன் அத்தை
நீலாம்பாள்

*

பினாங்கு
30 அக்டோபர் 2002

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இதை நியாஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். இவருடைய சித்தப்பா மகன்தான். துணி வியாபாரத்துக்காக அடிக்கடி ரங்கூன் வந்து போகிறார். தபாலை நம்புவதைவிட இது மேல்.

வீடு குளிர்காலத்துக்குத் தயாராகிவிட்டது என்று படித்தபோது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அப்படி இல்லை. டாலாவில் அப்படி என்ன குளிர், அத்தை? ஒரு கம்பளி போதும், காலையில் ஒரு கைப்பிடிச் சருகைக் கொளுத்தினால் போதும். அதற்கு ஒரு முழு மரத்தை ஏன் வெட்டினார்? கண் மஞ்சளாக இருந்தது என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அவரைக்காய்க்குப் போய்விட்டீர்கள். மருத்துவரிடம் காட்டினாரா என்று கேட்டு எழுதுங்கள்.

இங்கே பருவம் என்று எதுவும் இல்லை. மழை, வெயில், மறுபடி மழை. மிஸ்பாவுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. பனி என்றால் என்ன என்று கேட்கிறாள். ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினேன்.

சொல்லாமல் போனது என் தப்பு என்று இரண்டு முறை அப்பாவுக்கு எழுதினேன். இரண்டும் பிரிக்காமலே திரும்பி வந்தன. மூன்றாவது எழுதக் கை வரவில்லை. இவர் நேரில் போய் நில் என்கிறார். நின்று, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? கடிதம் திரும்பி வந்தால் பீரோவில் வைத்துக்கொள்ளலாம். நான் திரும்பி வந்தால் என்னை எங்கே வைப்பது?

நியாஸிடம் ஒரு ஸ்வெட்டர் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வாங்கியதாகச் சொல்லுங்கள். நான் என்று தெரிந்தால் போட மாட்டார்.

பவானி

*

டாலா
6 நவம்பர் 2002

பவானி, மொதல்ல ஸ்வெட்டர் சேதி. போட்டுக்கிட்டார். எங்க வாங்கினேன்னு கேட்டார். பஜார்லன்னேன். தீபாவளி நாளும் அதுவுமா பொய் சொல்ல வச்சுட்டே என்னை. காலரைத் திருப்பி உள்ள தச்சிருந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பித்தானைப் போட்டுக்கிட்டார். டாக்டரைப் பத்தி நீ கேக்கச் சொன்னதை நாளைக்குக் கேக்கறேன். பண்டிகை நாள்ல ஆஸ்பத்திரிப் பேச்சு எதுக்கு.

இப்ப நடந்த அதிசயத்தைக் கேளு. தீபாவளிக்கு மொத நாள் அண்ணன் பென்ஷன் விஷயமா ஊருக்குள்ள போறேன்னு காலை லாஞ்சுல ஆத்தைத் தாண்டிப் போயிட்டார். நான் அதிரச மாவைப் பிசைஞ்சு வச்சிருக்கேன், வெல்லப்பாகு பதமா வந்திருக்கு. உமி அடுப்பு பாரு, குப்புன்னு எரியுது, இல்லாட்டி அணையுது. அதிரசத்துக்கு நின்னு எரியணுமே. முந்தின நாள் வேளை கெட்ட வேளையில பெஞ்ச மழையில வேலிச் சுள்ளியெல்லாம் சொதசொதன்னு கிடக்கு. வேற வழி? தெக்குக் கொட்டகைக்குப் போய் தார்பாயைத் தூக்கி ரெண்டு கை நிறைய எடுத்தேன்.

ஒத்தாசைக்கு வந்த வேலம்மா, “அக்கா, அது ஐயா தொடக்கூடாதுன்ன கட்டையாச்சே”ன்னா.

“கட்டைன்னா எரிக்கத்தான்டி. கும்பிடவா வச்சிருக்கு?”ன்னேன்.

அந்த நெருப்பை நீ பார்த்திருக்கணும் பவானி. புகையே இல்ல. கண்ணுல தண்ணி வரல. என் ஆயுசுல அப்படி ஒரு அதிரசம் நான் சுட்டதில்ல. ஓரம் மொறுமொறுன்னு, நடுவுல பஞ்சு. மொதத் தட்டு முருகனுக்கு வச்சேன். அப்புறம் வேலம்மா வீட்டுக்கு, தெரு பூரா, மறுநாள் காலையில பக்கத்துப் பொங்கி மடத்துச் சாமியார்களுக்கும் குடுத்தனுப்பினேன். உனக்கு ஒரு டின்னு நியாஸ் தம்பிகிட்ட வரும்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். நேரா உள்ள வரல. தெக்குப் பக்கம் போய், தார்பாய் கலைஞ்சு கிடக்கிறதைப் பார்த்துக்கிட்டு நின்னார். திட்டப் போறார்னு முந்தானையால வாயை மூடிக்கிட்டு நின்னேன்.

“எதுல சுட்டே?”ன்னார். கட்டையைக் காட்டினேன்.

“நல்லா எரிஞ்சுதா?”

“புகையே இல்லண்ணே. பிடிச்சதும் நின்னு எரிஞ்சுது.”

“அப்ப சரி”ன்னுட்டுப் படியில உக்காந்து சிரிச்சார் பாரு. வலது விலாவைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர வர சிரிச்சார். உங்கம்மா இருந்தப்பகூட அவர் இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. எனக்கு அவர் திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு. ரெண்டு அதிரசம் தின்னார். இன்னும் இருக்கான்னு கேட்டார். நான் எடுத்துக் குடுத்தேன்.

நேத்துலேர்ந்து சஷ்டி விரதம். ஒரு வேளைதான் சாப்பாடு. உனக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கிறேன்.

அத்தை

*

தாகேதா
11 நவம்பர் 2002

அந்த அதிரசத்தைத் தின்னாதே. டின்னைத் திறந்திருந்தா மூடு. பிள்ளைக்குக் குடுக்காதே, உன் புருஷனுக்குக் குடுக்காதே. ஓடற தண்ணியில கொண்டுபோய்க் கொட்டு. ஏன்னு கீழ சொல்றேன்.

நேத்து சூரசம்ஹாரம். இன்னைக்குக் காலையில விரதம் முடிச்சு பாயசம் வச்சு வாசல்ல உக்காந்தேன். சைக்கா ரிக்‌ஷா மிதிக்கிறானே வடிவேல், மூங்கில் வெட்டித் தர்ற வேலையும் செய்வான், அவன் வந்தான். அண்ணன் குளிச்சுக்கிட்டிருந்தார். அவன் என்கிட்ட மெதுவா, “அம்மா, மூங்கில் இப்பவே வெட்டிப் போட்டா காஞ்சு போயிடும். அன்னைக்கே வெட்டிக் குடுக்கட்டுமான்னு ஐயாகிட்டக் கேட்டுச் சொல்றீங்களா?”ன்னான்.

“எந்த மூங்கில்டா? அவரைப் பந்தலுக்கா?”

“பாடைக்கும்மா. கட்டை காஞ்சதா இருக்கணும், மூங்கில் மட்டும் பச்சையா இருக்கணும்னு ஐயா சொல்லியிருக்காங்க.”

“யாருக்குடா பாடை?”

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே பவானி. விஷயம் தெரியாதவ ஒருத்திகிட்ட வாய் விட்டுட்டோமேன்னு பயந்துபோய், சைக்காவைத் திருப்பிக்கிட்டுப் போயே போயிட்டான்.

மாமரத்தை வெட்டி, பிளந்து, தெக்குப் பக்கம் அடுக்கி வச்சிருக்கார். தெக்கு யாரோட திசை? வடக்க தலை வச்சு ஒரு நாள் படுக்காதவ நான். வெள்ளி செவ்வாய்ல நகம் வெட்ட மாட்டேன். உங்க தாத்தாவுக்கு, உங்கம்மாவுக்கு, எல்லாருக்கும் அடுக்கினது மாங்கட்டைதான். எனக்கு ஏன் தோணல? குளிருக்குன்னு சொன்னார், நானும் குளிருக்குன்னு நம்பிட்டேன். அந்தக் கட்டையில அதிரசம் சுட்டேன். முருகனுக்குப் படைச்சேன். தெருவுக்கே குடுத்தேன். பொங்கிமாரு தின்னாங்க. அவரே தின்னார், பவானி. தன் சிதைக்கு அடுக்கின கட்டையில சுட்டதை ருசியா இருக்குன்னு தின்னார்.

வேலம்மா வீட்டுக்கு ஓடினேன். எப்பவோ தீர்ந்துபோச்சுக்கான்னு வெறும் தட்டைக் காட்டினா. கோயிலுக்குப் போய் குருக்கள்கிட்ட அழுதேன். அவர் யோசிச்சுப் பார்த்துட்டு, “பிணம் தொடாத வரைக்கும் அது வெறும் விறகுதான்மா, தோஷமில்ல”ன்னார். எனக்கு மனசு ஆறல. அடுத்த லாஞ்சைப் பிடிச்சு தாகேதா வந்து என் மகன் சிவராஜைப் பிடிச்சு உலுக்கினேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். கொள்ளி வைக்கப் போறது அவன்தானாம். பங்குனியிலேயே மாமா அவன்கிட்டச் சொல்லி, அம்மாகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார். நான் பெத்தவன், என் வீட்டுலயே, என் கையால சோறு தின்னுக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லல.

ஈரல்ல கட்டியாம். அறுக்கிற கட்டம் தாண்டிப் போச்சாம். இந்தக் குளிர் தாண்டினா ஆச்சரியம்னு டாக்டர் சொல்லிட்டாராம். அன்னைக்கு ஊருக்குள்ள போனது பென்ஷனுக்கு இல்ல, ஆஸ்பத்திரிக்கு. நான் கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துக்கிட்டிருந்தேன்.

அண்ணன்கிட்ட இன்னும் ஒன்னும் கேக்கல. எந்த முகத்தோட கேக்கறது? நாளைக்கு பிளேன் ஏறுறவங்க ஒருத்தர்கிட்ட இதைக் குடுக்கறேன்.

நீலாம்பாள்

*

பினாங்கு
12 நவம்பர் 2002

அன்புள்ள அத்தைக்கு,

டின் வந்தது. மூடியைத் திறந்ததுமே வீடு முழுக்க வெல்ல வாசம். மிஸ்பா ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரிடமும் கொடுக்காமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றாள். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

ரமலான் மாதம் அல்லவா, இவர் நோன்பு. பேரீச்சம்பழம் எடுத்து வைத்திருந்தேன். பாங்கு சொன்னதும் அதைத் தள்ளிவிட்டு, மாமனார் வீட்டுப் பலகாரம் என்று அதிரசத்தைக் கடித்துத்தான் நோன்பு திறந்தார். மாமனார் என்ற சொல்லை இவர் வாயில் முதல் தடவையாகக் கேட்டேன். கீழ்வீட்டு உம்மு சல்மா அக்காவுக்கும் கொடுத்தேன். செய்முறை கேட்கிறார். எழுதி அனுப்புங்கள். ஒன்றுகூட மீதியில்லை.

அப்பா சிரித்தார் என்பதை நான்கைந்து முறை படித்துவிட்டேன். ஆனாலும் அத்தை, “நல்லா எரிஞ்சுதா” என்று ஏன் கேட்டார்? விறகு எரியுமா என்று யாராவது அப்படிக் கவலைப்படுவார்களா? எனக்கு என்னவோபோல் இருக்கிறது. டாக்டர் விஷயம் கேட்டீர்களா?

பவானி

*

பினாங்கு
19 நவம்பர் 2002

அத்தை,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அதற்குள் என் கடிதம் உங்களுக்குக் கிடைத்திருக்கும். ஆம், தின்றுவிட்டோம். எல்லோரும்.

நேற்று நான் சமைக்கவில்லை. மிஸ்பாவைக் குளிப்பாட்டிவிட்டு, துவட்டாமல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேனாம். இவர் வந்து துண்டை வாங்கினார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம். எழுதாமல் இருக்க முடியவில்லை. அவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்தீர்கள். கண் மஞ்சள், உடம்பு இளைப்பு, விலாவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு. எல்லாவற்றையும் பார்த்து எழுதினீர்கள். எதையும் பார்க்கவில்லை. கடல் தாண்டி இருக்கும் எனக்கு உறுத்தியது உங்களுக்கு உறுத்தவில்லையா? சிவராஜுக்குத் தெரியும். சைக்காக்காரருக்குத் தெரியும். அவருக்கு இருக்கும் ஒரே பிள்ளைக்குத் தெரியாது.

இப்படி எழுத எனக்கென்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். விட்டுவிட்டுப் போனவள் நான்தான்.

இவர் பயணச்சீட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டார். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு மூவரும் கிளம்பலாம் என்கிறார். நான்தான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அவர் என்னைப் பார்க்க விரும்பவில்லை என்றால், சாகப்போகிறவரின் முன்னால் வலியப் போய் நின்று அவர் நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனமில்லை. அவர் போன பிறகு வந்து அழுவது சுலபம். அதை யாரும் தடுக்க மாட்டார்கள்.

அவரிடம் கேளுங்கள். பவானி வரலாமா, கூடாதா. சுற்றி வளைக்காமல் இந்த ஒன்றை மட்டும் கேட்டு எழுதுங்கள்.

பவானி

*

டாலா
28 நவம்பர் 2002

கோபப்படு, நல்லா கோபப்படு, உனக்கில்லாத உரிமையா. நீ எழுதினதைப் படிச்சு ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல. ஆனா ஒன்னும் நீ பொய்யா எழுதல. பக்கத்துலயே இருந்துக்கிட்டு நான் அவரைக்காயைத்தான் பார்த்திருக்கேன்.

கேக்கறதுக்கு இத்தனை நாளாச்சு. தாகேதாவுலேர்ந்து திரும்பி வந்து, தெரியாத மாதிரியே கஞ்சி வச்சுக் குடுத்தேன், கார்த்திகைக்கு விளக்கு வச்சேன். கடுகுக்கீரை ஊறுகாய் ரெண்டு ஜாடி போட்டேன், யார் திங்கப் போறான்னு நினைச்சுக்கிட்டே. அவரும் எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுத் தெரியாத மாதிரி இருந்தார். ரெண்டு பேரும் வெயில் எப்படி, பனி எப்படின்னு பேசிக்கிட்டிருந்தோம்.

திங்கக்கிழமை நல்ல பனி. அடுத்த வீடு தெரியல. அவர் உன் ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு, கம்பளியும் போத்திக்கிட்டு, நாக்காலியில உக்காந்திருக்கார், பல்லு கிட்டுது. உடம்புல சதை இருந்தாத்தானே சூடு தங்கும். எனக்கு என்ன தோணுச்சோ தெரியல. நேரா தெக்குக் கொட்டகைக்குப் போனேன். தார்பாயை உருவிக் கீழ போட்டேன். கை கொள்ற அளவுக்குக் கட்டையை அள்ளிக்கிட்டு வந்து, அவர் காலடியில போட்டு நெருப்பு மூட்டினேன்.

“என்ன பண்றே நீலா?”ன்னார்.

“குளிருக்குன்னுதானே சொன்னே.”

“அது என்னோடது.”

“உன்னோடதுதான். போனப்புறம் உனக்குக் குளிருமா? இப்பத்தானே குளிருது.”

நான் சாமி வந்தவ மாதிரி நின்னுக்கிட்டிருந்தேன், எனக்கே என்னைக் கண்டா பயமா இருந்துச்சு. சிதைக்குன்னு ஒதுக்கினதைத் தெரிஞ்சே எடுத்து எரிக்கிறேனே. அப்புறம் அவர் மெதுவா ரெண்டு கையையும் நெருப்புக்கு நீட்டினார். நான் அவர் பக்கத்துல தரையில உக்காந்துட்டேன்.

ஏண்ணே இப்படின்னு கேட்டேன். ஊருக்குள்ள இப்பத்தான் பொணம் எரிக்கிறதுக்கும் மெஷின் இருக்கே, கட்டையும் மூங்கிலும் எதுக்குன்னு கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதறேன். நீ உக்காந்து படி.

“உங்கண்ணியை அடைமழையில எடுத்தோம். ஞாபகம் இருக்கா? கட்டையெல்லாம் ஈரம். பத்த மாட்டேங்குது. நான் திரும்பத் திரும்ப எண்ணெயை ஊத்தறேன், புகையுது, அணையுது. பொம்பளைப் பிள்ளை வரக்கூடாதுன்னு சொல்லியும் கேக்காம பவானி வந்து, அவ அம்மா எரியாம கிடக்கிறதைப் பார்த்துக்கிட்டு நின்னா. பன்னெண்டு வயசு. இன்னொரு தடவை அவ அதைப் பார்க்கக்கூடாது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஈரக்கட்டைக்காக இல்ல. உன் பேரை அவர் வாயால நாலு வருஷம் கழிச்சுக் கேட்டேன். அதுவும் நேத்து நீ ஸ்கூல் விட்டு வந்த மாதிரி, சாதாரணமாச் சொல்றார். நீ வந்து பக்கத்துல நிப்பேன்னு நினைச்சுத்தான் பவானி பங்குனியிலேர்ந்து அவர் கட்டை காயவச்சிருக்கார். வர மாட்டேன்னு அவர் ஒரு நாளும் நினைக்கல. கூப்பிடத்தான் தெரியல அந்த மனுஷனுக்கு.

நான் விடுவேனா? எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஸ்வெட்டர் நீ அனுப்பினதுன்னேன். தெரியும்னார், பினாங்குக் கடைப் பேர் தச்சிருக்கே, எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சியான்னார். அதிரசம் உனக்கு அனுப்பினதைச் சொன்னேன். பேத்தி சுவரைப் பார்த்து உக்காந்து தின்னதைச் சொன்னேன். உன் புருஷன் பேரீச்சம்பழத்தைத் தள்ளிட்டு அதுல நோன்பு திறந்ததையும் சொன்னேன்.

“அந்தப் பையன் தின்னானா?”ன்னார்.

“மாமனார் வீட்டுப் பலகாரம்னு சொல்லித் தின்னாராம்.”

நெருப்பையே பார்த்துக்கிட்டிருந்தார். அது எறங்கற மாதிரி இருந்துச்சு. குனிஞ்சு, அவர் கையாலயே இன்னொரு கட்டையை எடுத்து அதுல வச்சார். நான் நீ கேட்ட கேள்வியைக் கேட்டேன், சுத்தி வளைக்கல. “பவானி வரலாமா, கூடாதாண்ணே?”

“கட்டை தீர்றதுக்குள்ள வரச் சொல்லு”ன்னார்.

இதுதான் அவர் பதில். நான் ஒரு எழுத்தும் கூட்டல, குறைக்கல.

அன்னையிலேர்ந்து தினம் காலையில நெருப்புதான். கொட்டகையிலேர்ந்து அவரே எடுத்துக்கிட்டு வர்றார், ஒவ்வொன்னா, தட்டிப் பார்த்து. வேலம்மா வந்து உக்காருறா. வடிவேலும் சைக்காவை நிறுத்திட்டு வந்து கை காய்ச்சிட்டுப் போறான், மொதல்ல என் முகத்தைப் பார்க்கப் பயந்தான், இப்ப அவனே சுள்ளி ஒடிச்சுப் போடறான். நேத்து சக்கரவள்ளிக் கிழங்கு சுட்டோம். அண்ணன் தோலை உரிச்சு, ஊதி ஊதித் தின்னார். இந்த மாதிரிக் குளிர்காலம் நான் இந்த வீட்டுல இருந்ததில்ல பவானி. சிரிக்கிறேன், உடனே எழுந்து உள்ள போய் முருகன் முன்னாடி நிக்கிறேன். சிவராஜோட இன்னும் நான் சரியாப் பேசல. வேற கட்டை வாங்கிக் காயவைக்கிறது இனி அவன் பொறுப்புன்னு மட்டும் சொல்லியிருக்கேன்.

பெருநாள் முடியட்டும்னு உக்காந்துக்கிட்டிருக்காதே. உன் புருஷன்கிட்ட சொல்லு, பிரயாணத்துல நோன்பை விட்டுட்டு அப்புறம் பிடிக்கலாம்னு நியாஸ் தம்பிதான் சொன்னார், நானா சொல்லல. பிள்ளைக்குக் காது மூடற குல்லா வாங்கிக்கோ. மேக்குப் பக்கத்து அறையைப் பெருக்கி மெழுகிட்டேன்.

அய்யோ, முக்கியமானதை விட்டுட்டேன், கவரை ஒட்டப் போறப்பத்தான் ஞாபகம் வருது. அவர் நாக்காலி போட்டிருக்கிற இடத்துக்கு வேலிக்கதவு இடது கைப்பக்கம். நீ வந்து அப்பான்னு கூப்பிட்டு, அவர் திரும்பலைன்னா கோபம்னு நினைச்சுப் போயிடாதே. போன மழைக்காலத்துலேர்ந்து அவருக்கு இடது காது கேக்காது.